மாடி இருந்தால்தானே புறா திரும்பி வரும்

2020 நவம்பரில் பெல்ஜியத்தில் ஒரு பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. பெயர் நியூ கிம், வயது இரண்டு. 200 யூரோவில் தொடங்கிய இணைய ஏலம் அந்த உயரத்துக்குப் போய் நின்றது. வாங்கியவர் சீனர். நம் ஊர்ப் புறாக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் அந்தச் செய்தி பல நாள் சுற்றியது. பார்த்தவர்களில் பாதிப் பேர் புறாப் பந்தயத்துக்கு இப்போதுதான் நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அர்மாண்டோ என்ற ஆண் புறா 12.5 லட்சம் யூரோவுக்குப் போயிருந்தது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு சாதனை விலைகள் என்றால் வேறென்ன நினைப்பார்கள்?

எனக்கு அந்தச் செய்தியில் வேறொரு தகவல் உறுத்தியது. நியூ கிம் தனியாக விற்பனைக்கு வரவில்லை. அதை வளர்த்த காஸ்டன் வான் டி வோவருக்கு அப்போது 76 வயது. மகனோடு சேர்ந்து பந்தயம் விட்டுவந்தவர். இனி முடியாது என்று முடிவெடுத்தபோது, கூட்டில் இருந்த நானூற்றுக்கும் மேற்பட்ட புறாக்களை மொத்தமாக ஏலத்துக்கு விட்டார்கள். உலகச் சாதனை விலை வந்த அதே ஏலத்தில்தான் பெல்ஜியத்தின் மிகச் சிறந்த கூடுகளில் ஒன்று காலியானது.

அந்த நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் புறா வளர்த்துப் பந்தயம் விட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நியூ கிம் விற்ற ஆண்டில் சுமார் இருபதாயிரம். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆகவே புறாப் பந்தயம் வளர்கிறதா, தேய்கிறதா என்று யாராவது கேட்டால் நான் விலையைப் பார்க்க மாட்டேன். கூடுகளை எண்ணச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாந்து பார்த்தபடி மாடியில் நிற்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்பேன். இந்தப் பந்தயத்தின் அமைப்பே அப்படிப்பட்டது. ஒரு பெரும்பணக்காரர் தனியாக நடத்திவிட முடியாது. பக்கத்துத் தெருவிலும் ஒரு கூடு வேண்டும்.

புறாப் பந்தயம் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஹோமர் எனப்படும் வகைப் புறாவை எங்கே கொண்டுபோய் விட்டாலும் தான் வளர்ந்த கூட்டுக்குத் திரும்பும். குஞ்சு பிறந்து ஒரு வாரம் ஆனதும், கால் பருப்பதற்கு முன், ஆண்டும் எண்ணும் பொறித்த மூட்டில்லாத வளையம் ஒன்றைக் காலில் ஏற்றிவிடுவார்கள். பிறகு அதைக் கழற்ற முடியாது. பிறந்த சான்றிதழும் அதுதான், அடையாள அட்டையும் அதுதான். சிறகு முளைத்துக் கூட்டைச் சுற்றிப் பறக்கப் பழகியதும் ஐந்து கிலோமீட்டர், பத்து, இருபது என்று தூரத்தை நீட்டிக்கொண்டே போய் விடுவார்கள். அதை டாஸ் என்பார்கள். பந்தயத்துக்கு முந்தைய நாள் எல்லாருடைய புறாக்களும் ஓரிடத்துக்கு வரும். வளையம் பார்த்து, பட்டியல் எழுதி, கூடைகளில் அடைத்து, முத்திரை வைத்து வண்டியேற்றுவார்கள். மறுநாள் விடிந்ததும் பந்தய ஊரில் கூடைகள் ஒரே நேரத்தில் திறக்கும்.

இங்கேதான் அழகே இருக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்குத் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் எல்லாருக்கும் பொது. புறாவுக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு நூறு. ஒவ்வொருவர் வீடும் ஒரு முடிவுக் கோடு. ராயபுரத்துக் கூட்டுக்கும் தாம்பரத்துக் கூட்டுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கும்போது யார் முதலில் வந்தது என்று கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விடும் இடத்திலிருந்து ஒவ்வொரு கூட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, பறந்த நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுவார்கள். 150 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்த புறாவின் வேகம் நிமிடத்துக்கு 1,250 மீட்டர். முன்பெல்லாம் வந்திறங்கிய புறாவைப் பிடித்து, காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரத்துக்குள் போட்டால்தான் நேரம் பதிவாகும். புறா வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். தீனி டப்பாவைக் குலுக்குவார்கள், சீழ்க்கை அடிப்பார்கள், பெட்டைப் புறாவைக் காட்டுவார்கள். எண்ணூறு கிலோமீட்டர் பறந்து வந்த உழைப்பு கடைசி மூன்று நிமிடத்தில் வீணாகும். இப்போது காலில் சிப் வளையம் இருக்கிறது. கூட்டு வாசலில் உள்ள பலகையில் புறா கால் வைத்தாலே நேரம் பதிவாகிவிடும். ஆனாலும் உள்ளே இறங்கத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்துவது இன்றும் வளர்ப்பவரின் கைவேலைதான்.

இப்படி ஒரு பந்தயம் நடக்கக் கூடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். வண்டிக்கூலி பகிர ஆள் வேண்டும். கூடை தூக்க, வளையம் பார்க்க, கணக்குப் போட ஆள் வேண்டும். நாற்பது பேர் இருந்த சங்கத்தில் பதினைந்து பேர் ஆனால் வண்டிக்கூலி தலைக்கு மூன்று மடங்கை நெருங்கும். அந்தச் செலவு தாங்காமல் இன்னும் ஐந்து பேர் நிற்பார்கள். மீதிப் பேர் அடுத்த பகுதிச் சங்கத்தோடு சேர்வார்கள். கூடை அடைக்கும் இடம் தெருமுனையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிப் போகும். சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வந்த பெரியவர் அதோடு விட்டுவிடுவார். பெல்ஜியத்துக் கிராமங்களில் நடந்ததும் இதுதான். சனிக்கிழமை மாலை கூடை அடைப்பது கிராமத்து மதுக்கடையில்தான். அங்கேயே முடிவும் அறிவிப்பார்கள், அங்கேயே சண்டையும் போடுவார்கள். கடை மூடினால் சங்கம் போயிற்று. சங்கம் போனால் கடைக்கும் ஆள் வராது. எது முதலில் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயின.

இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றியதற்கு ஒரு வேலை போனதும் காரணம் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். 1850இல் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத இடைவெளியில் பங்குச் சந்தை விலைகளைப் புறாக்கள் மூலம் அனுப்பியவர் பால் ஜூலியஸ் ராய்ட்டர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற செய்தி நிறுவனம் அவர் பெயரில்தான் வந்தது. கம்பி இணைந்ததும் அந்தப் புறாக்களுக்கு வேலை இல்லை. தந்தி வந்த ஊரில் எல்லாம் தூதுப் புறா வேலை இழந்தது. ஆனால் அவற்றைக் கலந்து கலந்து வளர்த்து, வேகமும் வீட்டு நினைவும் கொண்ட ஓர் இனமாக ஆக்கிவைத்திருந்த பெல்ஜியத்துக்காரர்கள் விடவில்லை. பணக்காரர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். நெசவாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் புறாப் பந்தயம் நடத்தினார்கள். ஒடிசாவில் அந்த வேலை உடனே போய்விடவில்லை. 1946இல் அங்கே காவல்துறை தொடங்கிய புறாத் தூது சேவைக்காகக் கொண்டுவந்த பெல்ஜிய ஹோமர்களின் வழித்தோன்றல்கள் கட்டாக்கில் இன்னும் பராமரிக்கப்படுகின்றன.

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் புறாவை ஏழையின் பந்தயக் குதிரை என்றே சொல்வார்கள். அங்கே ஏன் அப்படிப் பரவியது என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. சுரங்க நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் ஆட்டுக்கும் கோழிக்கும் என ஒரு சின்னத் தொழுவமும் தோட்டமும் இருந்தன. அதன் மேல்தளம் புறாவுக்கு. ஷிப்ட் வேலை என்பதால் பகலில் சில மணி நேரம் கையில் இருந்தது. ஒரே சுரங்கத்தில் இறங்குபவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். இடம், நேரம், அக்கம்பக்கம் மூன்றும் ஒருங்கே கிடைத்தன. 1950களில் ஒரு லட்சம் அளவில் இருந்த உறுப்பினர்கள் இன்று முப்பதாயிரத்துக்கும் கீழே. ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான பிராஸ்பர் ஹானியல் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. 2022இல் ஜெர்மனி புறா வளர்ப்பைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் கூடு கட்டித் தராது.

இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதை. வடக்கே டர்ஹம், யார்க்ஷயர் சுரங்க ஊர்களில் நகராட்சி குத்தகைக்குவிட்ட தோட்டத் துண்டுகளில் பச்சையும் வெள்ளையுமாக வண்ணம் அடித்த கூடுகள் வரிசையாக நின்ற காலம் உண்டு. பிரம்புக் கூடைகளை ரயிலேற்றிவிட்டால், போய்ச் சேரும் நிலையத்தில் போர்ட்டரே கூடையைத் திறந்துவிட்டு, நேரத்தைச் சீட்டில் எழுதிக் காலிக்கூடையைத் திருப்பி அனுப்புவார். அரச குடும்பத்துக்கே சாண்ட்ரிங்கமில் கூடு உண்டு. 1886இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அன்பளிப்பாகத் தந்த புறாக்களிலிருந்து தொடங்கிய கூடு அது. அந்த நாட்டின் முக்கியச் சங்கத்தில் 1980களின் இறுதியில் 60,000 பேர் அளவில் இருந்தார்கள். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு, பிரான்ஸ் மண்ணிலிருந்து புறா விடுவதற்கே கால்நடைச் சான்றிதழ் விதிகள் குறுக்கே வந்தன. பறவைக் காய்ச்சல் கட்டுப்பாடுகள் இன்னொரு பக்கம்.

சரி, வளர்ச்சி என்று சொல்கிறார்களே, அது எங்கே? சீனாவில். பதிவுபெற்ற லட்சக்கணக்கானவர்கள் அங்கே பந்தயம் விடுகிறார்கள். பெல்ஜியத்து ஏலங்களில் விலையை வானத்துக்கு ஏற்றுபவர்களும் அவர்கள்தான். அதோடு உலகம் முழுக்கப் பரவிவரும் இன்னொரு வடிவம், ஒரே கூட்டுப் பந்தயம். பல நாட்டவரும் தங்கள் குஞ்சுகளை ஒரு மாத வயதை ஒட்டி ஒரே பெரிய கூட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயே சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் தீனி போட்டு, பயிற்சி கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து விட்டு ஒரே கூட்டில் இறக்குவார்கள். தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் நடந்த பத்து லட்சம் டாலர் பந்தயம் இதில் பேர்பெற்றது. தாய்லாந்தின் பட்டாயாவிலும் நடக்கிறது. தூர வித்தியாசத் தகராறு இல்லை, காற்று யாருக்குச் சாதகம் என்ற புகார் இல்லை. நல்ல ரத்தம், அதாவது நல்ல வம்சம் எது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. இதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அதில் புறா வளர்ப்பவருக்கு என்ன வேலை? பணம் கட்டுகிறார், குஞ்சை விமானத்தில் அனுப்புகிறார், முடிவைக் கைப்பேசியில் பார்க்கிறார். அவர் மாடிக்குப் புறா வருவதில்லை. அது இனி எந்நாளும் அவர் கூட்டைத் தேடி வராது, அதன் நினைவில் வீடு என்பது வேறு நாட்டில் இருக்கிறது. இதையும் புறாப் பந்தயம் என்றுதான் சொல்கிறார்கள். இதன் வளர்ச்சியைக் காட்டி மாடிக்குப் புறா திரும்பும் பந்தயத்தின் தேய்மானத்தை ஈடுசெய்ய முடியாது என்பது என் கருத்து.

பெரும்பணம் வந்த இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் சீனாவில் நடந்த ஒரு சம்பவம் போதும். ஹெனான் மாநிலத்தின் ஷாங்சியூவிலிருந்து ஷாங்காய்க்குச் சுமார் 750 கிலோமீட்டர் பந்தயம். இருவர் தங்கள் புறாக்களை ஷாங்சியூவிலேயே இன்னொரு கூட்டுக்கு ரகசியமாகப் பழக்கியிருந்தார்கள். விட்டதும் அவை நேராக அந்தக் கூட்டில் போய் இறங்கின. அவற்றைப் பால் அட்டைப்பெட்டிகளுக்குள் மறைத்து அதிவேக ரயிலில் ஏறி, மூன்றேகால் மணி நேரத்தில் ஷாங்காய் வந்துவிட்டார்கள். முதல் நான்கு இடங்களும் அவர்களுக்கே. சந்தேகம் கிளம்பியதும் சாட்சி இல்லாமல் செய்யப் புறாக்களைக் கொன்றுவிட்டார்கள். மறு ஆண்டு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஏமாற்றியதைவிட எனக்கு அந்தக் கடைசிச் செயல்தான் ஆறவில்லை. தைவானில் இன்னும் மோசம். வயது ஓராண்டுகூட நிரம்பாத புறாக்களைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலில் விடுவார்கள். ஏழு கட்டப் பந்தயம். இளைப்பாற ஒரு கிளை கிடையாது. தொடங்கியவற்றில் மிகச் சிலவே கடைசிக் கட்டத்தைக் காணும். அத்தனையும் சூதாட்டத்துக்காக.

அதே சீனாவின் பெய்ஜிங்கில், பழைய சந்து வீடுகளின் ஓட்டுக்கூரை மேல் புறா வளர்த்தவர்கள் அதன் வால் இறகில் சுரைக்குடுக்கையாலும் மூங்கிலாலும் செய்த ஊதல்களைக் கட்டிவிடுவார்கள். கூட்டம் வட்டமடிக்கும்போது வானம் முழுக்க ஒலிக்கும். அந்தச் சந்துகள் இடிக்கப்பட இடிக்கப்பட அந்த ஒலியும் குறைந்துகொண்டே வருகிறது. பணம் பெருகும் நாட்டிலேயே மாடி போனால் புறா போகிறது.

இனி சென்னைக்கு வருகிறேன். நம்மிடம் இரண்டு மூன்று வகைப் பந்தயங்கள் இருக்கின்றன. தூத்துக்குடி முதலிய தென்மாவட்ட ஊர்களில் சாதாப் புறாவும் கர்ணப் புறாவும் விடுவது பழைய வழக்கம். காலையில் விட்ட புறா எத்தனை மணி நேரம் வானத்தில் தாக்குப்பிடிக்கிறது என்பது ஒரு போட்டி, கர்ணம், அதாவது வானத்தில் குட்டிக்கரணம், அடிப்பது இன்னொரு போட்டி. சென்னையின் பெருமை ஹோமர். பெல்ஜியத்துக்காரர்களுக்கு நோயோன், ஆர்லியன்ஸ், லிமோஜ், பார்சிலோனா என்று தெற்கே போகும் ஊர்ப் பெயர்கள் மனப்பாடம். கடைசி ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சென்னைப் புறாக்காரர்களுக்கு அது வடக்கே போகும் வரிசை. நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, பல்லார்ஷா, நாக்பூர், இடார்சி, போபால், ஜான்சி. டெல்லி ரயில் நிற்கும் ஊர்கள்தாம் அத்தனையும். பல்லார்ஷா வானவழியில் சுமார் 750 கிலோமீட்டர். போபால் 1,150க்கு மேல். பொங்கலை ஒட்டித் தொடங்கும் பருவம் கோடை முற்றுவதற்குள் முடிந்துவிடும். தக்காணத்து வெயிலுக்கு முன்னால் எந்த ரத்தமும் நிற்காது.

நான் வளர்ந்த பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் ஹோமர் விட்ட மாமா ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. ரூர் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் கூட்டைக் கழுவுவார். தீனியில் அவருக்குத் தனிக் கணக்கு உண்டு. மக்காச்சோளமும் பட்டாணியும் எப்போதும் போல. தூரம் கூடக்கூட நிலக்கடலை கூடும். ஓய்வு நாள்களில் கம்பு மட்டும். நாக்பூர்ப் பந்தயத்தன்று தெருவில் யாரும் பட்டம் விடக்கூடாது என்று பிள்ளைகளிடம் கெஞ்சுவார். நாங்களும் விடமாட்டோம், ஏனென்றால் புறா வரும்போது முதலில் கண்டுபிடிப்பவனுக்கு எலந்தவடை வாங்கித் தருவார். அந்தத் தெருவுக்கே அது பந்தயம். இப்போது அந்த வீடு இல்லை. நான்கு மாடிக் குடியிருப்பாக எழுந்திருக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டியும் சூரியத் தகடும் ஏசி இயந்திரங்களும் நிற்கின்றன. மாடிச் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.

அப்படியானால் சென்னையில் தேய்கிறதா? என் கண்ணுக்குத் தெரிந்தவரை நகர்ந்திருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் குறைந்த கூடுகள் புழல், மாதவரம், மீஞ்சூர் என்று விளிம்புக்குப் போயிருக்கின்றன. 2015இல் வந்த ஒரு தமிழ்ப் படம் புறாப் பந்தயத்தைத் திரையில் காட்டியபோது இளைஞர்கள் பலர் ஜோடி வாங்க அலைந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரு வருடத்தில் விட்டுவிட்டார்கள், கால்வாசிப் பேர் நின்றார்கள். நின்றவர்கள் நன்றாகவே விடுகிறார்கள். சிப் வளையம் வாங்குகிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள், ஜான்சன் லைன் என்று பெல்ஜியத்தின் அரெண்டாங்க் ஊர்ச் சகோதரர்கள் உருவாக்கிய ரத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. யூடியூபில் போய்ப் பாருங்கள், கூடு கட்டும் முறையிலிருந்து குஞ்சுக்கு மருந்து கொடுப்பது வரை சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஆர்வம் இருக்கிற பையனுக்கு இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை. வாடகை வீட்டில் இருப்பவர் புறா வைக்க முடியாது. வீடு மாறினால் புறா பழைய வீட்டுக்குத்தான் போகும். சொந்த மாடி இருப்பவருக்கு மட்டுமே இது என்றால் தொழிலாளர் பொழுதுபோக்கு என்ற அடையாளமே போய்விடும்.

அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். புறா எச்சத் தூசியை வருடக்கணக்கில் சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வருகிறது, அதற்குப் புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்றே மருத்துவத்தில் பெயர். மேலைநாடுகளில் பலர் கூட்டை மூடியதற்கு வயதோடு அந்த நோயும் ஒரு காரணம். 2025இல் மும்பை மாநகராட்சி தாதர் உள்ளிட்ட இடங்களில் புறாவுக்குத் தீனி போடும் மேடைகளை மூடியபோது பெரிய சர்ச்சையே நடந்தது. அவை தெருப் புறாக்கள். குளித்து, தடுப்பூசி போட்டு, அளந்து தின்னும் ஹோமரும் அவையும் ஒன்றல்ல. ஆனால் பால்கனியில் வலை அடித்துக்கொண்டு வாழும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பது எங்கள் பொறுப்பு. கூட்டை நாள்தோறும் ஈரத் துணியால் துடைப்பதும், முகக்கவசம் போட்டுக்கொண்டு சுத்தம் செய்வதும், எச்சத்தை மூட்டை கட்டித் தோட்டக்காரருக்குக் கொடுப்பதும் வாதத்தைவிட நன்றாகப் பேசும்.

இன்னொன்றையும் எங்கள் வட்டத்துக்குள்ளேயே பேச வேண்டியிருக்கிறது. இழப்பு. 1997 ஜூனில் இங்கிலாந்துச் சங்கத்தின் நூற்றாண்டுப் பந்தயத்துக்குப் பிரான்ஸின் நாந்த் நகரிலிருந்து 60,000 புறாக்களை விட்டார்கள். பெரும்பகுதி திரும்பவில்லை. ஆங்கிலக் கால்வாயைக் கடந்துகொண்டிருந்தபோது கான்கார்ட் விமானத்தின் அதிர்வொலி, நம் காதுக்குக் கேட்காத, புறாவுக்கு வழிகாட்டும் தாழ்வொலிகளை மூழ்கடித்திருக்கலாம் என்று ஓர் அமெரிக்க நிலவியல் ஆய்வாளர் பின்னர் விளக்கம் சொன்னார். 2021 ஜூனிலும் பீட்டர்பரோவிலிருந்து விட்டவற்றில் ஆயிரக்கணக்கானவை காணாமல் போயின, சூரியப் புயலைக் காரணம் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் கூடையில் அடைத்தது நாம்தான். சென்னையிலும் வானிலை பார்க்காமல் விட்ட பந்தயங்களை நான் பார்த்திருக்கிறேன். வழியில் வல்லூறு அடித்தது, கண்ணி வைத்துப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஜான்சிக்கு அப்பால் டெல்லி வரை தூரத்தை நீட்டுவது பெருமைக்காகத்தான். 1,750 கிலோமீட்டர் பறந்து வரும் ஒரு புறாவைப் பற்றிப் பல வருடம் பேசுகிறோம், வராதவற்றின் வளைய எண்களை அந்த வாரமே மறந்துவிடுகிறோம். புதிதாக வரும் தலைமுறை இதைச் சகிக்காது. என் அண்ணன் மகளுக்குப் புறா என்றால் உயிர். முதல் பந்தயத்தில் அவள் பெயர் வைத்து வளர்த்த மூன்றும் வராமல் போனதும் கூட்டுப் பக்கமே வரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பந்தயத்தை நடத்திய முறையைத்தான் குறை சொல்கிறேன்.

சங்கங்கள் நினைத்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. வயதாகிக் கூட்டை மூடும் பெரியவர்களின் புறாக்களை ஏலம் விடுவதற்கு முன், இரண்டு ஜோடியாவது அதே பகுதியில் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குக் கொடுக்கக் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குஞ்சுப் பந்தய நுழைவுக் கட்டணமும் வளையக் கட்டணமும் வேண்டாம் என்று வைக்கலாம். மாடி இல்லாதவர்களுக்காகப் பொதுக் கூடு ஒன்று, பத்துப் பேர் பங்கு வைத்துப் பராமரிப்பதாக, புழல் பக்கம் ஒரு மனையில் கட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு பருவத்துக் கோப்பைகளுக்குச் செலவழிப்பதில் பெரும்பகுதி ஈடுகட்டிவிடும். சூதுப்பணம் நுழையும் குழுக்களைப் பந்தயத்திலிருந்து விலக்கலாம். எல்லாருக்கும் அவர்களைத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் காசே செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். முடிவுப் பலகையில் முதல் புறாவின் வேகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு எண்களை எழுதலாம். கூடையில் போனவை எத்தனை, அன்று மாலைக்குள் வந்தவை எத்தனை, ஒரு வாரத்துக்குள் வந்தவை எத்தனை, வராதவை எத்தனை. அதை ஐந்து வருடம் தொடர்ந்து எழுதினால் எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில் விடக்கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். வரும் தையில் நெல்லூர்ப் பந்தயத்திலிருந்தே தொடங்கலாம். எழுத ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன்.